அளவுக்குள் என்றால் யாருடைய அளவு? அலிஸ் ஹமில்டனின் வாழ்க்கை

அலிஸ் ஹமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1970 செப்டெம்பர் 22 ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு வயது 101. மூன்று மாதங்கள் கழித்து, அதே ஆண்டு டிசெம்பர் 29 ஆம் திகதி, அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கையெழுத்தானது. வேலைக்குப் போகிறவர் நோயோடு வீடு திரும்பாமல் பார்ப்பது அரசின் கடமை என்று அவர் 60 ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். அந்தக் கடமை சட்டமானதை அவர் பார்க்கவில்லை.

தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதில்லை. நான் எழுதுவதற்குக் காரணம், நான் இருக்கும் ஊர். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை போகும் ஏ9 வீதி கட்டுகஸ்தோட்டை வழியாகத்தான் போகிறது. இந்த வீதியின் இரு பக்கமும் கராஜ்கள், பற்றரிக் கடைகள், வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் இடங்கள். போர்க்காலத்தில் இதே வீதியால் வடக்கிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களில் சிலர் அங்கே வேலை செய்கிறார்கள். நான் பல ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் என்பதால், இரத்தம், சிறுநீர் சோதித்த அறிக்கைகளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: அளவுக்குள் இருக்கிறதா? அந்த அளவை யார், எப்படி, யாரோடு ஒப்பிட்டு வகுத்தார்கள் என்ற கேள்வியோடு பின்னிப் பிணைந்தது ஹமில்டனின் வாழ்க்கை.

நோயாளியைத் தேடிப்போன மருத்துவர்

ஹமில்டன் 1869 பெப்ரவரி 27 ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்து, இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரில் வளர்ந்தார். வசதியான குடும்பம்தான். ஆனால் அவர் பதின்ம வயதில் இருக்கும்போது தந்தையின் வியாபாரம் நொடித்துப்போனது. பெண் பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்க வேண்டிய நிலை வந்தது. பிற்காலத்தில் கிரேக்க இலக்கியம் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எடித் ஹமில்டன் இவருடைய அக்கா. அலிஸ் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். எங்கே போனாலும் பயன்படக்கூடிய தொழில் அது என்று அவர் எண்ணினார். 1893 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் ஜேர்மனிக்குப் போனார். அங்கே பெண்களுக்கு விரிவுரை மண்டபத்தில் முறையான இடம் இருக்கவில்லை. கண்ணில் படாமல் ஓர் ஓரத்தில் இருந்து கேட்கும்படி சொல்லப்பட்டார்.

1897 இல் சிக்காகோவில் மருத்துவம் கற்பிக்க வந்தவர், ஜேன் அடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் இல்லத்தில் குடியேறினார். இத்தாலி, கிரேக்கம், போலந்து போன்ற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. மொழி தெரியாத ஊரில், கிடைத்த வேலையைச் செய்த மனிதர்கள். பக்கத்து வீட்டு ஆண்கள் கை தளர்ந்து, வயிற்றுவலியில் துடித்து, வேலை இழந்து கிடப்பதை அவர் கண்டார். 1907 அளவில் தோமஸ் ஒலிவர் என்ற பிரித்தானிய மருத்துவர் ஆபத்தான தொழில்கள் பற்றி எழுதிய நூல் அவர் கையில் கிடைத்தது. அந்த வலிகளுக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்கு அப்போது புரிந்தது.

1910 இல் இலினோய் மாநிலம் தொழில் நோய்கள் பற்றிய ஆய்வொன்றை அவரிடம் ஒப்படைத்தது. அவர் எடுத்துக்கொண்டது ஈயம். தொழிற்சாலைக்குள் நுழையும் அதிகாரம் அவருக்கு இல்லை. முதலாளியிடம் பேசிச் சம்மதம் வாங்கித்தான் போக வேண்டும். போன இடங்களில் இங்கே யாருக்கும் நோயில்லை என்ற பதில் கிடைத்தது. ஒருவகையில் அது பொய்யுமில்லை. நோய் வந்தவர் வேலையை விட்டு நின்றுவிடுவார், அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். தொழிற்சாலைக்குள் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் சுகதேகிகள்.

ஆகவே ஹமில்டன் வெளியே தேடினார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக்கடைக்காரர்களையும் பாதிரிமார்களையும் விசாரித்தார். தொழிலாளர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். இப்படித் தேடி 500க்கும் மேற்பட்ட ஈயநஞ்சு நோயாளிகளை அவர் ஆவணப்படுத்தினார். குளியல் தொட்டிக்குப் பூச்சுப் பூசுவது போன்ற, ஈயம் இருக்குமென்று யாரும் நினைத்திராத வேலைகளிலும் அதைக் கண்டுபிடித்தார். சந்தேகமான எவரையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஈறில் தெரியும் கருநீலக் கோடு, மணிக்கட்டுத் தளர்ச்சி, மருத்துவரின் உறுதிப்படுத்தல் போன்ற சான்று வேண்டும். ஒரு பெயர் தவறினாலும் அறிக்கை முழுவதையும் குப்பையில் போடக் காத்திருந்தவர்கள் எதிரே இருந்தார்கள். 1911 இல் இலினோய் மாநிலம் தொழில் நோய்ச் சட்டத்தை இயற்றியது. அதன் பின்னர் அமெரிக்க மத்திய அரசு நாடு முழுவதும் இதே ஆய்வைச் செய்யும்படி அவரைக் கேட்டுக்கொண்டது.

தேசிய ஈயக் கம்பனியின் உயர் அதிகாரியான எட்வர்ட் கோர்னிஷ் தன்னுடைய ஆட்களுக்கு ஈயநஞ்சு என்பதை நம்ப மறுத்தார். ஹமில்டன் சண்டை போடவில்லை. நோயுற்ற 22 பேரின் விபரங்களோடு திரும்பிப் போனார். கோர்னிஷ் தன் தொழிற்சாலைகளில் தூசியை உறிஞ்சி அகற்றும் ஏற்பாடுகளைச் செய்தார். தொழிலாளர்களைப் பரிசோதிக்க மருத்துவர்களை அமர்த்தினார். சட்டம் கட்டாயப்படுத்தாத ஒரு காலத்தில் ஆதாரம் மட்டுமே செய்த வேலை அது.

குண்டு வெடிப்பதற்கு முன்

1915 இல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஹேக் நகரில் பெண்களின் சமாதான மாநாடு கூடியது. ஹமில்டன் ஜேன் அடம்ஸோடு அதற்குப் போனார். போரிடும் நாடுகளின் தலைநகரங்களுக்கும் சென்று, பேச்சுவார்த்தைக்கு வழியிருக்கிறதா என்று பார்த்தனர். நாடு திரும்பியதும் அவருக்குக் கிடைத்த வேலை, ஐரோப்பாவுக்கு வெடிபொருள் செய்து அனுப்பும் அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஆராய்வது.

அந்தத் தொழிற்சாலைகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல்கூட அவரிடம் முழுமையாக இருக்கவில்லை. நைத்திரிக் அமிலத்திலிருந்து எழும் மஞ்சள், செம்மஞ்சள் புகையைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் போனார். பிக்கிரிக் அமிலத்தால் தோலும் முடியும் மஞ்சளான தொழிலாளர்களை வீதியில் கண்டு, அவர்களிடம் விசாரித்தார். ரிஎன்ரி என்ற வெடிமருந்து ஈரலையும் இரத்தத்தையும் கெடுப்பதைப் பதிவு செய்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நஞ்சேறியிருந்ததையும், பலர் இறந்ததையும் அவருடைய அறிக்கை காட்டியது. ஒரு ஷெல் விழுந்த இடத்தில் யார் செத்தார்கள் என்பதை நாங்கள் அறிவோம். அதே ஷெல்லை நிரப்பிய இடத்திலும் ஆட்கள் செத்தார்கள் என்பதை அவர் எண்ணிக்கையோடு எழுதி வைத்தார்.

1919 இல் அவர் ஜேர்மனிக்குப் போனார். போர் நின்றும் நேச நாடுகளின் உணவுத் தடை மாதக்கணக்கில் நீடித்திருந்த காலம். பசியில் வற்றிப்போன குழந்தைகளை ஒரு மருத்துவராகப் பார்த்து, அந்த நிலைமையை எழுதினார். எதிரி நாட்டுக் குழந்தைக்காகப் பேசுகிறார் என்று சிலர் அவரைத் தூற்றினார்கள். பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எங்களுக்கு இந்தப் பக்கத்தை விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டில் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரி அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. அங்கே ஆசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவர்தான். ஆனால் ஆசிரியர் கழகத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. 1935 இல் ஓய்வு பெற்றபோதும் அவர் உதவிப் பேராசிரியராகவே இருந்தார்.

252 பேரின் சோதனை

1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சியில் ஸ்ராண்டர்ட் ஒயில் நிறுவனத்தின் ஆலையில் தொழிலாளர்கள் திடீரெனச் சித்தம் கலங்கினர். இல்லாத பூச்சிகளைப் பிடிக்க முயன்றார்கள், வெறி பிடித்தவர்கள் போலக் கத்தினார்கள். ஐவர் இறந்தனர், முப்பதுக்கும் மேற்பட்டோர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். இயந்திரம் இடியாமல் ஓடுவதற்காகப் பெற்றோலில் கலக்கும் ரெற்றாஎதைல் ஈயம் அங்கே தயாரிக்கப்பட்டது. அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், மூளையைத் தாக்கும்.

1925 மே 20 ஆம் திகதி வாஷிங்ரனில் அரசு ஒரு மாநாட்டைக் கூட்டியது. உற்பத்தி செய்யும் நிறுவனங்களின் தரப்பில் றொபர்ட் கேஹோ என்ற இளம் மருத்துவர் பேசினார். ஆபத்து நிரூபிக்கப்பட்டால் நிறுத்துவோம் என்பதே அந்தத் தரப்பின் வாதம். ஹமில்டன் எதிர்ப்பக்கம் நின்றார். ஈயம் மெல்ல மெல்லச் சேரும் நஞ்சு, எவ்வளவு கண்காணித்தாலும் ஈயம் இருக்கும் இடத்தில் ஈயநஞ்சு வரும் என்பதைத் தன் 15 ஆண்டு அனுபவத்திலிருந்து அவர் எடுத்துச் சொன்னார். வீதியில் பரப்பிவிட்டுப் பிறகு நோயாளியைத் தேடக்கூடாது, முதலில் மாற்று வழியைத் தேட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

பின்னர் ஒரு நிபுணர் குழு ஒகாயோ மாநிலத்தில் 252 ஆண்களைச் சோதித்தது. வாகன ஓட்டிகள், கராஜ் தொழிலாளர்கள், ஈயத் தொழிலில் இருந்தவர்கள் எனப் பிரித்து, செங்குருதிக் கலங்களில் ஈயத்தால் தோன்றும் புள்ளிகளையும் மலத்தில் உள்ள ஈயத்தின் அளவையும் பார்த்தார்கள். வேலைத்தல இரசாயனங்களுக்காக உடலைச் சோதிக்கும் முறை இன்றைய வடிவத்தை எடுத்த தொடக்ககால ஆய்வுகளில் இது ஒன்று. 1926 ஜனவரியில் முடிவு வந்தது: ஈயப் பெற்றோலைத் தடை செய்யப் போதிய காரணம் இல்லை. காலம் போதவில்லை, ஆண்டுகள் சென்றால் வேறு முடிவு வரலாம், ஆய்வை அரசு தொடர வேண்டும் என்றும் அந்தக் குழு எழுதியிருந்தது. முதல் வரியை எல்லோரும் வாசித்தார்கள். இரண்டாவது வரி மறக்கப்பட்டது. அடுத்த 40 ஆண்டுகள் ஈயம் பற்றிய ஆய்வு பெரும்பாலும் கேஹோவின் கையில், உற்பத்தி நிறுவனங்களின் பணத்தில் நடந்தது.

கேஹோ தொழிலாளரின் இரத்தத்தையும் சிறுநீரையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார். ஒப்பிடுவதற்காக மெக்சிக்கோவின் ஒதுக்குப்புறக் கிராமத்து மக்களையும் சோதித்தார். அவர்களிலும் ஈயம் இருந்தது. ஆகவே ஈயம் மனித உடலில் இயல்பாகவே உண்டு என்றும், இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 80 மைக்ரோகிராமுக்குக் கீழே பயமில்லை என்றும் முடிவு செய்தார். அந்தக் கிராமத்தவர் ஈயப் பூச்சுள்ள மட்பாண்டங்களில் உணவு உண்டவர்கள். இயல்பு என்று காட்டப்பட்ட ஆட்களே ஈயம் ஏறியவர்கள்.

1965 இல் கிளேர் பற்றர்சன் என்ற புவி இரசாயனவியலாளர் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அன்றைய அமெரிக்கரின் உடலில் காணப்பட்ட ஈயம் வழமையானதே தவிர இயற்கையானது அல்ல, இயற்கை அளவைவிட ஏறத்தாழ நூறு மடங்கு என்று அவர் கணக்கிட்டார். எல்லோருக்கும் இருப்பது வேறு, இருக்க வேண்டியது வேறு. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021 இல் நின்றது. ஹமில்டன் எச்சரித்து 96 ஆண்டுகள்.

யார் நிரூபிக்க வேண்டும் என்ற அந்த 1925 ஆம் ஆண்டுக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, இந்தத் தண்ணீர் குடிக்கலாமா என்பதற்கே ஆளுக்கொரு பதில் வந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி, மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

அறிக்கையை வாசிக்கும் விதம்

ஹமில்டன் வேலை தொடங்கிய காலத்தில் இரத்தத்தில் ஈயத்தை அளக்கும் நம்பகமான வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. ஆனால் அவர் தொழிற்சாலை வாசலில் கற்ற பாடங்கள் அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் பொருந்துகின்றன.

முதலாவது, கோடு நகரும். 80 என்று சொல்லப்பட்ட ஈய அளவு படிப்படியாகக் கீழே வந்தது. அமெரிக்காவின் 1978 ஆம் ஆண்டு விதி, சராசரி 50 ஆனால் அந்த ஆளை ஈய வேலையிலிருந்து விலக்கச் சொல்கிறது. சம்பளத்தைக் குறைக்கக்கூடாது என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல், 5 இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொன்னது. ஆகவே ஓர் அறிக்கையில் இருக்கும் எல்லை எந்த ஆண்டினுடையது, எந்த நாட்டினுடையது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்புக்குள் போனது பத்து, இருபது ஆண்டுகள் கிடக்கும். கர்ப்ப காலத்தில் மீண்டும் இரத்தத்துக்கு வரும். வேலையை விட்டுச் சில மாதங்கள் கழித்து எடுத்த இரத்தம் குறைந்த அளவைக் காட்டினால், உடல் சுத்தமாகிவிட்டது என்று பொருளல்ல. பெயின்ற் தின்னரில் உள்ள ரொலுயீன் போன்றவை இன்னும் வேகமாகப் போய்விடும். வேலை முடியும் நேரத்தில் எடுத்த சிறுநீர்தான் அதைப் பற்றிப் பேசும். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை எடுத்தால் ஒன்றும் தெரியாது.

கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஹிந்துஸ்தான் லீவர் தொழிற்சாலை 2001 இல் மூடப்பட்டது. பாதரசத்தால் தொழிலாளர்களுக்கு நோய் ஏற்பட்டதற்குச் சான்று இல்லை என்று நிறுவனம் சொல்லிவந்தது. தொழிலாளர்கள் தங்கள் உடலையும் இறந்தவர்களையும் சான்றாகக் காட்டினார்கள். சிறுநீரில் பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆண்டுகள் கழித்துச் சோதிப்பவருக்கு அன்றைய அளவு கிடைக்காது. 2016 இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. வேலை நடக்கும்போதே, ஒவ்வொருவரின் சோதனை முடிவையும் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

மூன்றாவது, யாரோடு ஒப்பிடுவது. எங்கள் கமக்காரருக்கு இது முக்கியம். பேராசிரியர் ஜெயரட்ணமும் சக ஆய்வாளர்களும் 1982 இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் பீடைகொல்லி நஞ்சால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பேர் மருத்துவமனைக்கு வருவதாகவும் ஆயிரத்துக்கு நெருங்கியோர் இறப்பதாகவும் காட்டியது. பெரும்பாலானவை தற்கொலை முயற்சிகள். ஆனால் மருந்தடித்துப் பாதிக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. ஒகனோபொஸ்பேற் வகை மருந்துகள் கோலினெஸ்ரறேஸ் என்ற நொதியைக் குறைக்கும். இந்த நொதியின் இயல்பு அளவு ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். இயல்பிலேயே உயர்ந்த அளவுள்ள ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும், அறிக்கை அளவுக்குள் என்றே காட்டலாம். அதனால் மருந்து அடிக்கும் காலம் தொடங்குமுன் ஒருமுறை சோதித்து, பின்னர் அந்த ஆளை அவரோடேயே ஒப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் சொந்த அளவின் 80 வீதத்துக்குக் குறைந்தால் வேலை செய்யும் முறையை ஆராய்கிறார்கள். செங்குருதிக் கல நொதி 70 வீதத்துக்கு இறங்கினால் ஆளை மருந்திலிருந்து விலக்குகிறார்கள். முன் அளவு இல்லாத ஒற்றைச் சோதனையால் ஒருவருக்கு நிம்மதி கொடுக்க முடியாது.

நான்காவது, ஹமில்டன் ஒருபோதும் விட்டுக்கொடுக்காத பாடம். சோதனை ஆளைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அது இடத்தைப் பற்றியது. கை கழுவவில்லை, கவனமில்லை, உடல் பலமில்லை என்று தொழிலாளியையே குற்றம் சொல்வது அவர் காலத்து வழக்கம். அவர் நோய்க்குக் காரணத்தைத் தூசியிலும் புகையிலும் தேடினார். ஒரு கராஜில் ஒருவருக்கு ஈயம் கூடினால், பக்கத்தில் நிற்பவருக்கும் சோதனை வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். அளவு கூடியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இன்னொருவரை நிறுத்தினால், 1910 இல் சிக்காகோவில் நடந்ததுதான் மீண்டும் நடக்கிறது.

ஓயாத முதுமை

1925 இல் ஹமில்டன் வெளியிட்ட தொழில் நஞ்சுகள் பற்றிய நூல் அமெரிக்காவில் அந்தத் துறையின் முதல் பாடநூல்களில் ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு, 70 வயதை நெருங்கும்போது, செயற்கைப் பட்டு ஆலைகளில் கார்பன் இருசல்பைட்டு தொழிலாளர்களின் மனநிலையையும் நரம்பையும் கெடுப்பதை ஆராய்ந்தார். 1943 இல் தன் வாழ்க்கையை எழுதினார். 94 வயதில் வியட்நாமிலிருந்து அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும் என்ற பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

இலங்கையில் தொழிற்சாலைகளுக்கான அடிப்படைச் சட்டம் இன்னமும் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான். தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நாலு பேர் வேலை செய்யும் கராஜுக்கும், கூலிக்கு மருந்தடிக்கும் வயலுக்கும் இவை வந்து சேரக் காத்திருக்க முடியாது. அறிக்கை வாங்குகிறவர்கள் அதோடு நாலு விடயங்களைக் குறித்து வையுங்கள்: என்ன வேலை, எத்தனை ஆண்டு, கடைசியாக அந்தப் பொருளைத் தொட்டது எப்போது, மாதிரி எடுத்தது எப்போது. பழைய அறிக்கைகளை எறியாதீர்கள். வைத்தியரிடம் தொழிலைச் சொல்லாமல் வலியை மட்டும் சொல்லாதீர்கள். காணாமல் போனவர்களின் பெயர்களையும் திகதிகளையும் எழுதி, ஆண்டுக்கணக்காகக் காத்து வைத்திருக்கும் தாய்மார் எங்களிடையே இருக்கிறார்கள். ஆவணம் இல்லாதவருக்கு நடந்தது எதுவும் நடக்காததாகிவிடும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. வேலைத்தலத்து நஞ்சுக்கும் அதே விதிதான்.